கேள்விக்குத் திருநீறு எதுக்கு, கறுப்புச் சட்டை எதுக்கு?

ஏஞ்சாமி, இப்படித் திண்ணைக்கு வா. ராத்திரி நீ போனைப் பாத்துக்கிட்டே தூங்கிப்போயிட்டே. உன்ற தாள்கட்டு பூராவையும் நான் படிச்சுப்போட்டேன். கோவிச்சுக்காதே அம்மிணி. ரிட்டயர்டு வாத்தியான் ஊட்டுல எழுதுன தாளைத் தொறந்துபோட்டுத் தூங்குனா அவன் திருத்தாம இருப்பானா? சிவப்பு மைப் பேனா காஞ்சு கெடக்குது. அதனால பென்சில்லதான் சுழிச்சிருக்கேன். புடிக்கலைன்னா அழிச்சுக்கோ.

'நாத்திகர்களும் அவர்தம் இணையக் குழுக்களும்: ஒரு சமூகவியல் ஆய்வு.' இந்தத் தலைப்புக்கே பாதிப் பட்டம் குடுத்துரலாம். கோளாறு உள்ளதான் இருக்குது. மேல மொத நாலு வரியில என்ன கேட்டிருக்கறே? பெயர். தகப்பனார் பெயர். சாதி. செல்பேசி எண். அதுக்குக் கீழ அஞ்சாவது வரி: 'நீங்கள் கடவுள் நம்பிக்கை உள்ளவரா, நாத்திகரா?' அடக் கெரகமே! போலீஸ் ஸ்டேசன்ல கூட இத்தனை ஒழுங்கா வரிசை கட்டிக் கேக்க மாட்டாங்க. சாதியும் செல் நம்பரும் எழுதிக் குடுத்துப்போட்டு, 'ஆமாங்க, எனக்குச் சாமி இல்லீங்க'ன்னு கையெழுத்துப் போடறதுக்கு எவனுக்குத் தைரியம் வரும்? நீ நம்பிக்கையை எண்ணப் போறேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறே. இந்தத் தாளு எண்ணப் போறது நெஞ்சுரத்தை.

சிரிக்காதே. 2017 மார்ச்சுல நம்ம கோயம்புத்தூர்லயே ஒரு ஆளை வெட்டிக் கொன்னாங்க. அவரு கடவுள் மறுப்பை வாட்ஸ்அப்புலயும் பேஸ்புக்குலயும் எழுதிக்கிட்டு இருந்தவரு. நீ ஆராய்ச்சி பண்ணப் போற அதே 'இணையக் குழு' சமாச்சாரம்தான். உன்ற தாளு எங்கியோ பஸ்ஸுல தவறி விழுந்துச்சுன்னா, அதுல இருக்கற பேருக்கெல்லாம் நீ பதில் சொல்லுவியா, உங்க வாத்தியாரம்மா சொல்லுவாங்களா? பேரும் வேண்டாம், நம்பரும் வேண்டாம். வயசு, படிப்பு, ஆணா பொண்ணா, அது போதும். அதையும் கடைசிப் பக்கத்துல போடு.

சரி, அஞ்சாவது வரிக்கு வருவோம். ஆத்திகரா நாத்திகரா, ஒண்ணுல டிக் அடி. நம்ம தெக்கு வளவுக் கறுப்புச்சட்டைக்காரரு இருக்கறாரே, வாசல்ல பெரியார் படம் மாட்டியிருக்கறவரு. மாரியம்மன் நோம்பிக்கு வரி பிரிக்கப் போனா மொத ரசீது அவருக்குத்தான் கிழிப்பாங்க. 'சாமி இல்லை, ஆனா ஊரு இருக்குதில்ல'ம்பாரு. கம்பம் நட்டதுக்கப்புறம் வெளியூர்ல ஒரு ராத்திரி தங்கமாட்டாரு. ஏனுங்கன்னு கேட்டா, 'ஊட்டுக்காரிகிட்ட யாரு பேச்சு வாங்கறது'ம்பாரு. இவரை எந்தக் கட்டத்துல போடுவே? மெயின் ரோட்டு மளிகைக்காரரு, நெத்தி நிறையத் திருநீறு, கல்லாப் பெட்டிக்கு மேல அறுபடை வீட்டுப் படம். தராசுத் தட்டுல கட்டைவிரலு. சாமி பாத்துக்கிட்டு இருக்குதுன்னு நெசமா நம்பறவனுக்குக் கட்டைவிரலு அங்க போகுமா? இவரு எந்தக் கட்டம்? அட, உன்ற அம்மிச்சியையே எடுத்துக்கோ. மழை பொய்ச்ச வருசம் அவ மாரியாத்தாளை வெஞ்ச வசவைக் காதுல கேட்டிருந்தா அமெரிக்கா நாத்திகரே 'போதும் பாட்டி'ன்னு கும்பிட்டிருப்பாரு. ஆனா வெள்ளிக்கெழமை விளக்குப் போடாம பச்சத்தண்ணி குடிக்கமாட்டா.

மஞ்சள் மண்டிக்கு நீ எங்கூட வந்திருக்கறேல்ல? விரலியையும் கிழங்கையும் ஒரே சாக்குல கொட்டிக் கொண்டுபோனா என்ன நடக்கும்? யாவாரி ரெண்டுக்குமே வெலை சொல்லமாட்டான். நீ மூணு சரக்கை ஒரே கேள்வியில கொட்டி வெச்சிருக்கறே. மனசுக்குள்ள நம்பறது ஒண்ணு. எந்தக் கூட்டத்துல சேத்தின்னு சொல்லிக்கறது இன்னொண்ணு. கை செய்யறது மூணாவது. மூணும் ஒரே ஆளுக்குள்ள மூணு தெசையில இழுத்துக்கிட்டுக் கெடக்கும். தனித்தனியாக் கேளு.

இது அப்புச்சி திண்ணையில உக்காந்து அளக்கற கதைன்னு நெனைக்காதே, உன்ற கட்டுல இருக்கறதைத்தான் சொல்றேன். 2011ல இங்கிலாந்துல அங்கத்த மனிதநேயர் சங்கம் யூகவ்ங்கற கருத்துக்கணிப்புக் கம்பெனியை வெச்சு ஒரு காரியம் பண்ணுச்சு. 'உங்கள் மதம் என்ன?'ன்னு கேட்டாங்க. 61 சதவீதம் பேரு ஏதோ ஒரு மதத்துல டிக் அடிச்சாங்க. 'நீங்கள் மதப்பற்று உள்ளவரா?'ன்னு கேட்டா ஆமான்னவங்க 29 சதவீதம்தான், 65 சதவீதம் இல்லேன்னுட்டாங்க. மொதக் கேள்வி, 'உனக்கு ஒரு மதம் இருக்குது, அது எது?'ன்னு ஆளை உள்ள புடிச்சு இழுத்துப்போட்டுத்தான் பேரே கேக்குது. ஆனா ஒண்ணு, இதைக் கேக்கச் சொல்லிக் காசு குடுத்ததே மனிதநேயர் சங்கம்தான். அதையும் உன்ற நோட்டுல எழுதி வெச்சுக்கோ. கூலி குடுத்தது யாருன்னு எழுதாம கணக்கை மட்டும் எழுதுனா அது பாதிக் கணக்கு.

நம்மூருல இந்த முடிச்சு இன்னும் சிக்கலு. பியூ ஆராய்ச்சி மையத்துக்காரங்க 2019 கடைசியில ஆரம்பிச்சு 2020 மார்ச்சு வரைக்கும் நம்ம நாட்டுல 30,000 பேர் கிட்ட நேர்ல பாத்துக் கேட்டாங்க. 97 சதவீதம் பேரு கடவுளை நம்பறோம்னாங்க. அதே ஆளுங்ககிட்ட, யாரு இந்து இல்லைன்னும் கேட்டிருக்காங்க. கடவுளை நம்பாதவன் இந்துவா இருக்க முடியாதுன்னு சொன்ன இந்துக்கள் 49 சதவீதம். மாட்டுக்கறி தின்னா இந்து இல்லைன்னு சொன்னவங்க 72 சதவீதம். சாமியைவிடக் கறிக்கு மார்க்கு ஜாஸ்தி! அப்படியிருக்க, 'இந்துவா, நாத்திகரா'ன்னு நீ எதிரெதிரா நிக்க வெச்சா பாதிப்பேரு குழம்பித்தான் நிப்பாங்க. சட்டமே குழம்பித்தான் நிக்குது. ஐயரு வேண்டாம், மந்திரம் வேண்டாம்னு பண்ணுன சுயமரியாதைக் கல்யாணத்துக்கு அண்ணாதுரை ஆட்சியில, 1967ல, சட்டம் போட்டாங்கல்ல? அந்தப் பிரிவைக் கொண்டுபோய் எதுல சேத்தாங்க தெரியுமா? இந்து திருமணச் சட்டத்துல. 7-ஏ பிரிவு. சாமியை மறுத்துத் தாலியையும் மறுத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டவனும் காகிதத்துல இந்து மாப்பிள்ளைதான்.

கணக்கெடுப்புன்னு சொன்னதும் எனக்கு வாய் ஊறுது. வாத்தியானுக்குச் சம்பளம் லேட்டா வரும், ஜனத்தொகைக் கணக்கு டூட்டி மட்டும் கரெக்டா வந்துரும். நானும் போயிருக்கறேன். வாசல்ல நின்னு குடும்பத் தலைவரைக் கூப்புடோணும். அவரு கட்டில்ல உக்காந்துக்கிட்டு எல்லாத்துக்கும் பதில் சொல்லுவாரு. அவரு பேரு, சம்சாரம் பேரு, பையன் பேரு, கறவை மாட்டுப் பேரு கூடச் சொல்லுவாரு. மதம்னு கேட்டா மொறைப்பாரு: 'ஏன் வாத்தியாரே, உங்களுக்குத் தெரியாதா? இதை வேற கேக்கோணுமா?' காலேசுல படிக்கற மூத்த பையன் தூணுல சாஞ்சுக்கிட்டுப் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பான். முந்தின வாரம் ஈரோட்டுல பகுத்தறிவுக் கூட்டத்துல மொத வரிசையில உக்காந்திருந்தவன் அவன். பேப்பரை ஒரு அங்குலம் கீழ எறக்கி என்னையப் பாப்பான், அவங்கப்பனைப் பாப்பான், மறுபடியும் பேப்பரை மேல தூக்கிக்குவான். எட்டுப் பேருக்கும் அப்பன் சொன்னதுதான் மதம். கணக்கு முடிஞ்சுது, மோர் குடிச்சுப்போட்டு அடுத்த ஊட்டுக்குப் போகோணும்.

இப்படித்தான் 2011 கணக்கும் வந்துச்சு. பாரத்துல ஆறு மதத்துக்கு நம்பர் போட்டிருக்கும். வேற எதுவா இருந்தாலும் பேரை முழுசா எழுதோணும். அதாவது ஆறு பேருக்கு நாற்காலி போட்டாச்சு, ஏழாவது ஆளு தானா எந்திரிச்சு நின்னு சத்தம் போடோணும். அப்படிச் சத்தம் போட்டு 'நாத்திகர்'னு எழுத வெச்சவங்க நாடு பூராவும் 33,304 பேரு. அதுல தமிழ்நாட்டுல 1,300 பேரு கூடத் தேறலை. ஏழு கோடிச் சனத்துல! பெரியார் பொறந்த மாவட்டத்துக்காரன் நான் சொல்றேன், பெருந்துறை ரோட்டுல ஒரு கட்சிக்காரன் ஊட்டுக் கல்யாணத்துக்கு அதைவிட ஜாஸ்தி வருவாங்க. அந்த 33,304 பேரையும் எந்த அட்டவணையில வெச்சிருக்காங்கன்னு பாரு. 'பிற மதங்களும் கொள்கைகளும்'ங்கற பட்டியல்ல. மதமே வேண்டாம்னு எந்திரிச்சுப் போனவனைக் கையப் புடிச்சு இழுத்து, மதங்களோட வரிசையிலயே கடைசிப் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. மதம் குறிப்பிடாதவங்கன்னு தனியா 28 லட்சத்துக்கும் மேல ஒரு கூட்டம் இருக்குது. அதுல நம்பாதவன் எத்தனை, கேக்கவே மறந்த என்னையாட்ட வாத்தியான் எழுதாம விட்டது எத்தனைன்னு அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

கட்டத்தை எங்க வெக்கறோங்கறதும் ஒரு சூட்சுமம். ஆஸ்திரேலியாவுல 'மதம் இல்லை'ங்கற கட்டத்தைப் பட்டியல்ல கடைசியில வெச்சிருந்தாங்க. 2016ல தூக்கி உச்சியில வெச்சாங்க. 2011ல 22.3 சதவீதமா இருந்தது 30.1 ஆச்சு. உடனே துள்ளாதே, எடம் மாத்துனதாலதான் அத்தனையும் வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். 2021ல கட்டம் அதே உச்சியிலதான் இருந்துச்சு, அப்பவும் 38.9க்கு ஏறிருச்சு. ஊரு மாறிக்கிட்டு இருக்குது, தாளும் மாறியிருக்குது. எது எவ்வளவுன்னு பிரிக்கோணும்னா பாதிப்பேருக்கு ஒரு தாளும் மீதிப்பேருக்கு இன்னொரு தாளும் சீட்டுக் குலுக்கிக் குடுத்துப் பாத்திருக்கோணும். நாடு தழுவுன கணக்குல அது நடக்காது. நீ கேக்கப்போற நானூறு பேர்ல தாராளமா நடக்கும். செய்.

இப்ப நீ ஊட்டுக்கு ஊடு போறேங்கறே. நெத்தியில குங்குமம் வெச்சுக்கிட்டா, சும்மாவா? சிரிப்பு வருதா? கெய்ரோவுல பொம்பளைங்ககிட்ட இதையே பண்ணிப் பாத்திருக்காங்க, உன்ற கட்டுலதான் இருக்குது. கேக்கற பொண்ணு முக்காடு போட்டுக்கிட்டுப் போனா, பதில் சொல்ற முஸ்லிம் பொம்பளைங்க தங்களை இன்னுங் கொஞ்சம் பக்தியான ஆளாக் காட்டிக்கறாங்க. கேக்கறவ மூஞ்சியைப் பாத்துத்தான் பதில் வருது. நீ கறுப்புச் சுடிதாருல போனா மளிகைக்காரரு கூட ஒருவேளை 'நானும் பெரியாரைப் படிச்சிருக்கனுங்க'ம்பாரு. வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா? அமெரிக்காவுல 1993ல மூணு ஆராய்ச்சிக்காரங்க கணக்குப் போட்டாங்க. வாராவாரம் சர்ச்சுக்குப் போறேன்னு போன்ல சொன்னவங்க 40 சதவீதம். சர்ச்சுல போய்த் தலையை எண்ணுனா அதுல பாதிதான் தேறுச்சு. மீதிப்பேரு சர்ச்சுக்குப் போற நெனைப்புல இருந்தவங்க. நெனைப்புக்கும் புண்ணியம் உண்டுன்னு வெச்சுக்கோ.

வாய்விட்டுச் சொல்லப் பயப்படறவனை எப்படி எண்ணறதுங்கறியா? அதுக்கு ஒரு வித்தை இருக்குது, எனக்கு ரொம்பப் புடிச்சது. ஜெர்வைஸ்னு ஒருத்தரும் நாஜ்லேன்னு ஒரு அம்மிணியும் 2018ல எழுதியிருக்காங்க. நம்மூருக்கு மாத்திச் சொல்றேன் கேளு. நூறு பேருக்கு ஒரு தாள். அதுல நாலு வரி. எனக்கு நீச்சல் தெரியும். வீட்டில் நாய் வளர்க்கிறேன். காப்பியைவிட டீ பிடிக்கும். இதுவரை ரயிலில் போனதில்லை. எது எது உண்மைன்னு சொல்லவேண்டாம், எத்தனை உண்மைன்னு மட்டும் சொன்னாப் போதும். இன்னொரு நூறு பேருக்கு அதே நாலு வரி, கூட அஞ்சாவதா ஒண்ணு: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அவிங்களும் எண்ணிக்கை மட்டும் சொன்னாப் போதும். மொதக் கூட்டத்துல கூட்டுனா 210 வருது, ரெண்டாவதுல 225 வருதுன்னு வெச்சுக்கோ. அந்த மிச்சம் 15 எங்கிருந்து வந்துச்சு? எந்தப் பதினஞ்சு பேருன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவிங்க மாமியாருக்கும் தெரியாது. ஆனா பதினஞ்சு பேரு இருக்காங்க. நூறு பேர்ல இந்தக் கணக்கு ஏகத்துக்கு ஆடும். அதனாலதான் அவிங்க ஒவ்வொரு தடவையும் 2,000 பேரைக் கேட்டாங்க. போன் போட்டு நேரடியாக் கேட்டப்ப அமெரிக்காவுல கடவுள் இல்லைன்னவங்க 3ல இருந்து 11 சதவீதம். இந்த வித்தையில வந்தது 26 சதவீதம். இதுலயும் தப்பு நேரும், கூட்டல் தெரியாதவன் தப்பாக் கூட்டுவான். ஆனா மறைஞ்சு நிக்கற ஆளு இருக்கறாங்கறது தெரிஞ்சு போச்சுல்ல?

சும்மா மறைஞ்சு நிக்கறவனை மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கறேன். வெளிய நிக்கறவனும் லேசுப்பட்டவன் இல்ல. பியூக்காரங்க 2014ல அமெரிக்காவுல 'நான் நாத்திகன்'னு சொன்னவங்ககிட்டயே, கடவுளையோ ஏதாச்சும் ஒரு பொதுவான சக்தியையோ நம்பறியான்னு கேட்டாங்க. 8 சதவீதம் பேரு ஆமான்னாங்க! அதனால பட்டத்தைக் கேட்டுட்டு நம்பிக்கையை நீயா நெரப்பிக்காதே. ரெண்டையும் கேளு.

இப்ப ஒம்பதாவது கேள்வி. இதை நான் மூணு தடவை படிச்சேன், தண்ணி குடிச்சேன், மறுபடியும் படிச்சேன். 'கடவுள் இல்லை என்று கூறுபவர்களை நம்ப முடியாது என்ற கருத்தை நீங்கள் ஏற்கவில்லையா? ஆம் / இல்லை.' ஏங் கண்ணு, ஒரே வரியில எத்தனை இல்லை! பூசாரி 'ஆமா'ன்னா என்ன அர்த்தம்? கறுப்புச்சட்டைக்காரரு 'இல்லை'ன்னா என்ன அர்த்தம்? ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லிப்போட்டு எதிரெதிர் அர்த்தத்துல ஊட்டுக்குப் போவாங்க. 1992ல அமெரிக்காவுல ரோப்பர்னு பேர்போன கம்பெனியே இப்படி மாட்டிக்கிச்சு. ஹிட்லர் ஆளுங்க யூதர்களைக் கொன்னதைப் பத்தி, அது நடக்கவே இல்லைங்கறதுக்கு வாய்ப்பு உண்டா, வாய்ப்பே இல்லையாங்கற மாதிரி முறுக்கிக் கேட்டாங்க. 22 சதவீதம் பேரு வாய்ப்பு உண்டுன்னுட்டாங்க. நாடே பதறிப்போச்சு. முறுக்கைப் பிரிச்சு 1994ல மறுபடி கேட்டா, நடக்கலைன்னவங்க கிட்டத்தட்ட ஒரு சதவீதந்தான். மீதி அத்தனையும் கேள்வி பெத்த பிள்ளைங்க. நாத்திகம்ங்கறதே 'இல்லை'யில ஆரம்பிக்கற சமாச்சாரம், அதுக்கு மேல நீ ஒரு இல்லையைக் கூடச் சேத்தக்கூடாது.

பன்னெண்டாவது: 'கடவுள் பயம் இல்லாதவர்களால் ஒழுக்கமாக வாழ முடியும் என்று நினைக்கிறீர்களா?' பதினாலாவது: 'மூடநம்பிக்கைகளிலிருந்து விடுபட்டபின் உங்கள் வாழ்க்கை மேம்பட்டுள்ளதா?' பன்னெண்டாவதை எழுதுனது உன்ற பெரியம்மா மாதிரி ஒருத்தி. பதினாலாவதை எழுதுனது உன்ற கூடப் படிக்கற அந்தப் பகுத்தறிவுப் பையன். சரியாச் சொன்னனா? மூஞ்சி செவக்குது பாரு. ஒண்ணுக்குத் திருநீறு பூசி, இன்னொண்ணுக்குக் கறுப்புச் சட்டை போட்டுவிட்டு, சமன் பண்ணிட்டேன்னு நீ திருப்திப்பட்டுக்கிட்டே. ரெண்டு பக்கமும் கோணிக்கிட்டா நேராயிருமா? எனக்குத் தெரிஞ்ச ஒரு சோதனை சொல்றேன். உன்ற பதினேழாவது கேள்வியில 'நாத்திகர்' இருக்கற எடத்துல 'முருக பக்தர்'னு எழுதிப்போட்டுச் சத்தமாப் படி. 'முருக பக்தர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சமூக நல்லிணக்கத்தைக் கெடுக்கின்றனவா?' எப்படி இருக்குது? பழநிக்குக் காவடி எடுக்கற உன்ற சித்தப்பன் செருப்பைக் கழட்டுவான். அப்படின்னா அந்தப் பதினேழாவது கேள்வி நாத்திகனுக்கும் ஆகாது.

பெரிய பெரிய ஆளுங்களே இதுல வழுக்கியிருக்காங்க. சிகாகோ பல்கலைக்கழகத்துல 1972ல இருந்து நடத்தற சமூகக் கணக்கெடுப்புல ஒரு கேள்வி. சிலரோட கருத்து கெட்டது, ஆபத்தானதுன்னு மத்தவங்க நெனைக்கறாங்கன்னு ஆரம்பிச்சு, உதாரணத்துக்கு எல்லாச் சர்ச்சுகளையும் மதத்தையும் எதிர்க்கற ஒருத்தன், அவனைப் பேச விடலாமான்னு கேக்கறாங்க. அறிமுகம் பண்ணும்போதே ஆளை ஆபத்தானவங்க வரிசையில நிறுத்தியாச்சு. சாமியை நம்பாத ஆளு எல்லாரும் கோயிலை இடிக்க வந்தவன்ங்கற கணக்கும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குது. ஆனா அம்பது வருசத்துப் போக்கைப் பாக்கோணும்னா வார்த்தையை மாத்தவும் முடியாது, மாத்துனா பழசோட ஒப்பிட முடியாமப் போயிரும். அவிங்களுக்கு அந்தச் சாக்கு இருக்குது. நேத்து ராத்திரி எழுதுன உனக்கு என்ன சாக்கு?

நல்லாக் கேட்டவங்களும் உண்டு. மினசோட்டாப் பல்கலைக்கழகத்துக்காரங்க 2003ல போன் போட்டுக் கேட்டு 2006ல எழுதுனாங்க. உங்க பிள்ளை இந்தக் கூட்டத்துல கல்யாணம் பண்ணுனா ஏத்துக்குவீங்களான்னு. நாத்திகரை மட்டும் தனியா நிக்க வெச்சுக் கேக்கலை. முஸ்லிம், யூதர், கறுப்பர், இன்னும் பல கூட்டத்தையும் அதே வார்த்தையில வரிசையாக் கேட்டாங்க. நாத்திகன்னா ஏத்துக்கமாட்டேன்னவங்க 47.6 சதவீதம், அதுக்கு அடுத்து முஸ்லிம் 33.5. பக்கத்துல வேற ஆளு நிக்கறதாலதான் அந்த 47.6க்கு ஒரு அர்த்தம் வருது. நீ நாத்திகரை மட்டும் கேட்டா, நம்மூர்ல எந்த மாப்பிள்ளைக்குமே பாதிப்பேரு வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, பக்கத்து ஊருக்காரனா இருந்தாக் கூட.

இணையக் குழுவுக்கு வருவோம். அதுல எனக்கு அனுபவம் கம்மி, நம்ம ஊட்டு ஒறம்பரைக் குழுவுல காலை வணக்கம் பாக்கறதோட சரி. ஆனா பெட்டிக்கடைக்காரன்கிட்ட நீ 'நாத்திகர் குழுக்கள் பற்றி உங்கள் கருத்து'ன்னா அவன் என்ன சொல்லுவான்? அந்தக் குழுவை அவன் கண்ணால பாத்ததில்லை. படிச்ச புள்ள கேக்குதேன்னு மரியாதைக்கு 'ஆமாங்க'ம்பான். அடுத்த கேள்விக்கும் ஆமாங்க. நாப்பது கேள்விக்கும் ஆமாங்க. அதனால மொதல்ல, அப்படி ஒரு குழுவைப் பாத்திருக்கீங்களான்னு கேளு. இல்லேன்னா விட்டுரு. 'தெரியாது'ன்னு ஒரு கட்டம் வெய்யி, அதுல டிக் அடிக்கறவனை முட்டாளாப் பாக்காதே.

குழுவுக்குள்ளயே லிங்க்கை அனுப்பி நெரப்பச் சொல்லப் போறேன்னு எழுதியிருக்கறே. யாரு நெரப்புவாங்க? தினமும் சண்டைக்கு நிக்கற நாலு பேரு. ஒருத்தனே நாலு தடவை. சத்தமில்லாம வாசிச்சுட்டுப் போற நானூறு பேரு லிங்க்கைத் தொடக்கூட மாட்டாங்க. 1936ல அமெரிக்காவுல லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 24 லட்சம் சீட்டுத் திரும்பி வந்து, லேண்டன்தான் ஜனாதிபதின்னு அடிச்சுச் சொல்லுச்சு. அந்தாளு ரெண்டே மாகாணத்துல ஜெயிச்சாரு. ரூஸ்வெல்ட் ஜெயிச்ச வேகத்துல பத்திரிகையே அதிக நாள் தாங்கலை. கூட்டம் பெருசுங்கறது ஒரு பெருமையே இல்ல கண்ணு, யாரு வரலைங்கறதுதான் கேள்வி. குழுவுல கேட்டதைக் 'குழுவுல நெரப்புனவங்க சொன்னது'ன்னு எழுது. 'தமிழக நாத்திகர்கள் கருத்து'ன்னு எழுதுனீன்னா உன்ற பட்டத்தை நானே போய்த் திருப்பிக் குடுத்துருவேன்.

இன்னொண்ணு. பூசாரி பையன் எந்தக் குழுவுல எந்தப் பேருல இருக்கறான்னு எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன், நீயும் கேக்காதே. அங்க இருக்கறவங்கள்ல முக்காவாசிப்பேரு ஊட்டுக்குத் தெரியாமத்தான் இருக்காங்க. அவிங்களோட பேச்சை போட்டோ புடிச்சுப் பின்னிணைப்புல போடற எண்ணம் இருந்தா அதை இப்பவே மறந்துரு.

என்ன, என்னையவே கேக்கறியா, அப்புச்சி சாமி கும்புடறவரா இல்லையான்னு? அம்மிச்சி அடுப்படியில மொளகா வறுத்துக்கிட்டு இருக்கறா, சன்னல் தொறந்துதான் கெடக்குது. இத்தனை நேரம் சொன்னதுல உன்ற மண்டையில ஏறுனது இவ்வளவுதானா?

போய் எழுதுனதை மாத்திக்கிட்டு வா. மொதல்ல பூசாரிகிட்டயும் கறுப்புச்சட்டைக்காரருகிட்டயும் படிச்சுக் காட்டுவோம். ரெண்டு பேரும் சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரே பெஞ்சுலதான் உக்காந்து டீ குடிப்பாங்க. எந்தக் கேள்விக்கு எவரு தொண்டையைச் செருமறாருன்னு பாத்து நான் பென்சில்ல குறிச்சுக்கறேன். அதுக்குள்ள அந்த ஒம்பதாவதை மட்டுமாச்சும் அழிச்சுரு, அதைக் கேட்டா பூசாரிக்குப் புரை ஏறிரும். டீக்காசு உன்றது. எனக்குப் போண்டாவும் சேத்து.